அப்பாவுக்கு ‘அன்டிஒக்சிடன்ட்’ குளிசை கொடுக்கலாமா?

பெப்ரவரி 3, மாலை. உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி:

சேர், அப்பாவுக்கு 61 வயது. முப்பது வருடத்துக்கு மேல் சிகரெட் பிடித்தவர், இந்தப் பொங்கலோடு விட்டுவிட்டார். கொழும்பில் இருக்கும் தம்பி ஒரு போத்தல் குளிசை அனுப்பியிருக்கிறான். பீற்றா கரோட்டினும் விற்றமின் ஈ-யும் சேர்ந்தது. “புகையில் சுயாதீன மூலிகங்கள் இருக்கின்றன, அவை டி.என்.ஏ.யைக் கெடுக்கின்றன, இந்தக் குளிசை அந்த மூலிகங்களை அணைக்கும், ஆகவே நுரையீரல் புற்றுநோய் வராது” என்கிறான். நானும் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். கேட்டால் சரியாகத்தான் தோன்றுகிறது. கொடுக்கலாமா?

பெப்ரவரி 3, இரவு

கொடுக்க வேண்டாம். போத்தலை அலுமாரியில் வைத்துவிடுங்கள். விளக்கம் நாளை. இங்கே மின்சாரம் இல்லை, கைபேசியும் அணையப் போகிறது.

பெப்ரவரி 4, காலை

தம்பி சொன்னதில் முற்பாதி சரி. அது சரியாக இருப்பதால்தான் பிற்பாதியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

மூலிகம் என்பது சோடி சேராத இலத்திரனோடு அலையும் துணுக்கு, அதனால் பக்கத்தில் இருப்பதைத் தாக்கும். சிகரெட்டை ஒரு தடவை இழுத்தால், புகையின் வாயுப் பகுதியில் மட்டும் ஒன்றுக்குப் பின் பதினைந்து பூச்சியம் போடும் அளவில் மூலிகங்கள் உள்ளே போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை வந்த வேகத்திலேயே அழிந்துவிடும். புகையின் கறுப்புப் பிசினான தாரில் இருப்பவை அப்படியல்ல. நெடுநேரம் நிலைத்து நின்று, நுரையீரலின் ஈரத்தில் ஐதரசன் பேரொட்சைட்டு உண்டாகிக்கொண்டே இருக்கச் செய்பவை அவை. பேரொட்சைட்டு இரும்பைச் சந்தித்தால் ஐதரொட்சில் மூலிகம் பிறக்கும். அதற்குப் பொறுமை கிடையாது. பிறந்த இடத்தில் பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் தாக்கும். டி.என்.ஏ. இருந்தால் டி.என்.ஏ.

டி.என்.ஏ.யின் நான்கு மூலங்களில் மிக எளிதாக ஒட்சியேறுவது குவானின். அதன் 8ஆவது காபனில் ஓர் ஒட்சிசன் வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பிறகு அது தனக்கு உரிய சைற்றோசினை விட்டுவிட்டு அடினினோடும் சோடி சேரத் தொடங்கும். அடுத்த தடவை இழை பிரதியாகும்போது அந்த அடினினுக்கு எதிரே தைமின் வந்து அமரும். குவானின் இருந்த இடத்தில் இப்போது தைமின். இதற்குப் பிறகு அதை வழு என்று கண்டுபிடிக்கக் கலத்துக்கு வழியில்லை, இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தி நிற்கின்றன.

தம்பி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. இந்தச் சேதம் புகைப்பவருக்கு மட்டும் உரியதல்ல. மூச்சு விடுகிற எல்லோருடைய கலங்களிலும், சக்தி தயாரிக்கும் உறுப்பான இழைமணியிலிருந்து கசியும் மூலிகங்களால் நாளுக்கு ஆயிரக்கணக்கில் இது நடக்கிறது, நாளுக்கு ஆயிரக்கணக்கில் திருத்தவும் படுகிறது. ஒட்சியேறிய குவானினை வெட்டி எடுக்கவென்றே ஓ.ஜி.ஜி.1 என்ற நொதியம் இருக்கிறது. அது தவறவிட்டால், தவறாக வந்து சேர்ந்த அடினினை அகற்ற இன்னொரு நொதியம். இப்படிச் சேதமான மூலத்தை வெட்டி எடுத்துப் புதிதாக வைக்கும் முறையைக் கண்டறிந்ததற்காகத்தான் தோமஸ் லிண்டால் 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் போல் மொட்ரிச், அசீஸ் சஞ்சார் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

படிப்பித்த காலத்தில் இதற்கு ஒரு செய்முறை செய்து காட்டுவேன். பச்சை உருளைக்கிழங்கை அரைத்துப் பிழிந்த சாற்றைச் சோதனைக் குழாயில் விட்டு ஐதரசன் பேரொட்சைட்டை ஊற்றினால் நுரை பொங்கி விளிம்பு தாண்டி மேசையில் வழியும். கற்றலேசு நொதியம் செய்கிற வேலை. தணற்குச்சியைக் குழாயின் வாயில் பிடித்தால் குப்பென்று பற்றும், ஒட்சிசன். பின்வாங்கில் இருந்தவன்கூட எழுந்து நின்று பார்ப்பான். உங்கள் அப்பாவின் நுரையீரலிலும் அதே நொதியம் இருக்கிறது, போத்தலில் வாங்க வேண்டியதில்லை.

பெப்ரவரி 4, மத்தியானம்

நேரே விடயத்துக்கு வருகிறேன், காலையில் எழுதியது வெறும் பின்னணி.

தம்பி சொல்லும் அதே யோசனையை 1980களில் பெரிய பெரிய ஆட்கள் நம்பினார்கள். நம்பியதோடு நிற்காமல் சோதித்தும் பார்த்தார்கள். பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையான புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேர். ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீற்றா கரோட்டின், ஒரு பகுதியினருக்கு 50 மில்லிகிராம் விற்றமின் ஈ, ஒரு பகுதியினருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லாத போலிக் குளிசை. ஐந்து முதல் எட்டு வருடம் கொடுத்தார்கள். 1994இல் முடிவு வந்தது: பீற்றா கரோட்டின் விழுங்கியவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதல். இறப்பும் 8 சதவீதம் கூடுதல். விற்றமின் ஈ நுரையீரலுக்கு நல்லதும் செய்யவில்லை, கெட்டதும் செய்யவில்லை.

தற்செயலாக இருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். அமெரிக்காவில் அப்போது இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைப்பவர்கள், புகைத்து விட்டவர்கள், அஸ்பெஸ்டஸோடு வேலை செய்தவர்கள் என 18,314 பேர். பீற்றா கரோட்டின் 30 மில்லிகிராமோடு விற்றமின் ஏ-யும். 1996 ஜனவரியில், திட்டமிட்ட காலத்துக்கு 21 மாதம் முன்னரே அதை நிறுத்த வேண்டி வந்தது. குளிசை எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடுதல், இறப்பு 17 சதவீதம் கூடுதல்.

‘புகைத்து விட்டவர்கள்’ என்பதைத் திரும்ப வாசியுங்கள். அது உங்கள் அப்பா.

பெப்ரவரி 5

“அப்படியென்றால் கரட்டும் பப்பாசியும் சாப்பிடக் கூடாதா?” என்று ஒருவர். எதிர்பார்த்த கேள்விதான். சாப்பிடுங்கள். முருங்கையிலையும் பூசணிக்காயும் சாப்பிடுங்கள். மரக்கறிச் சந்தைக்குப் பயந்து ஓட வேண்டாம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பின்லாந்துச் சோதனையில் குளிசை தொடங்கும் முன்பு எல்லோருடைய இரத்தத்தையும் பார்த்தார்கள். இயல்பாகவே பீற்றா கரோட்டின் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னால் நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வந்தது. அதே ஆய்வு, அதே ஆட்கள். உணவில் வந்தபோது நல்ல சகுனம், குளிசையில் வந்தபோது எமன். இரத்தத்தில் கரோட்டின் உள்ளவர் மரக்கறி தின்கிறவர். மரக்கறி தின்கிறவர் அனேகமாகக் குறைவாகப் புகைப்பவர், குறைவாகக் குடிப்பவர். கரோட்டின் அவருடைய நல்ல பழக்கங்களுக்கு அடையாளம். அடையாளத்தை மட்டும் போத்தலில் அடைத்து விற்றால் பழக்கம் கூட வராது.

என் மச்சான் இதை வாசித்துவிட்டு, தான் மரக்கறியே தின்பதில்லை, ஆகவே கரோட்டின் ஆபத்து தனக்கில்லை என்று தொலைபேசியில் சொன்னார். அவரோடு வாதிடுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

பெப்ரவரி 5, இரவு

ஏன் கெடுதல் செய்தது என்று வாசகி கேட்கிறார். நல்ல கேள்வி, முழு விடை இல்லாத கேள்வி. ஒரு துப்பு ஃபெரட் என்ற சிறு விலங்கிலிருந்து கிடைத்தது, கீரி மாதிரி நீண்ட உடம்புள்ளது. எலியைப் போலல்லாமல் மனிதரைப் போல் கரோட்டினை அப்படியே உறிஞ்சுவதால் அதைத் தேர்ந்தார்கள். அதிக அளவில் கரோட்டின் கொடுத்துப் புகையையும் சுவாசிக்க விட்டபோது, புகை நிறைந்த நுரையீரலில் கரோட்டின் தானே ஒட்சியேறி உடைந்தது. உடைந்த துண்டுகள் கலங்களைப் பெருகத் தூண்டின. காக்கப் போனது தானே மூலிகத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது என்று சொல்லலாம்.

பெப்ரவரி 7

4ஆம் திகதி காலையில் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். வாசிப்பவர் ஒருவருக்குப் புகையின் கெடுதல் எல்லாம் ஒட்சியேற்றத்தால் வருவது என்று படலாம். அது பாதிக் கதை. நுரையீரலைப் பொறுத்தவரை சிறிய பாதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

புகையில் 7,000க்கு மேற்பட்ட சேர்வைகள் உண்டு, அவற்றில் எழுபது வரை புற்றுநோய் தருபவை. அதில் ஒன்று பென்சோபைரீன். அது உள்ளே போனவுடன் நம் உடம்பு அதைக் கழுவி வெளியேற்ற நினைத்து, நீரில் கரையும்படி மாற்றுகிறது. மாற்றும் வழியில் உருவாகும் இடைப்பொருள் நேரே போய்க் குவானினில் ஒட்டிக்கொள்கிறது. இங்கே மூலிகமும் இல்லை, ஒட்சியேற்ற எதிரிக்கு (அதுதான் ‘அன்டிஒக்சிடன்ட்’) வேலையும் இல்லை. 1996இல் இதை அழகாகக் காட்டினார்கள். பி53 என்ற காவற் பரம்பரை அலகில் அந்தப் பொருள் விரும்பி ஒட்டுமிடங்கள் 157, 248, 273ஆம் குறிகள் (குறி என்பது மூன்று டி.என்.ஏ. எழுத்துகள் சேர்ந்தது). நுரையீரல் புற்றுநோயில் பி53 அடிக்கடி உடைகிற இடங்களும் அவைதாம்.

இதிலும் குவானின் தைமினாகிறது! இரண்டு வழியிலும் முடிவு ஒன்றாகத் தெரிவதால், வெறும் மாற்றத்தை எண்ணினால் எது யார் வேலை என்று சொல்ல முடியாது. பிற்காலத்தில் முழு மரபுத் தொகுதியையும் வாசிக்க முடிந்த பிறகு, மாறிய எழுத்தின் இரு பக்கமும் எந்த எழுத்து என்பதையும் சேர்த்துப் பார்த்துப் பிரித்தார்கள். புகைத்தவர்களின் கட்டியில் மேலோங்குவது பென்சோபைரீன் போன்றவை விடும் தடம். ஒட்சியேற்றத்தின் தடம் வேறு, அதையும் தனியே காண முடிகிறது.

அந்தக் கணக்கில் இன்னொரு எண். தினம் 20 சிகரெட் என்று ஒரு வருடம் புகைத்தால், நுரையீரல் கலம் ஒவ்வொன்றிலும் சராசரி 150 விகாரங்கள், அதாவது டி.என்.ஏ. எழுத்து மாற்றங்கள். 2016இல் வெளிவந்தது. வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ 50 சிகரெட்டுக்கு ஒன்று, ஒவ்வொரு கலத்திலும். பெரும்பாலானவை எதுவும் செய்யாத இடத்தில் விழும். விழும் இடத்தைத் தெரிவு செய்ய நம்மால் முடியாது, அவ்வளவுதான்.

ஆகவே அந்தக் குளிசை மூலிகங்களை உண்மையிலேயே அணைத்தாலும், பெரிய வழி திறந்தபடியே இருக்கும்.

பெப்ரவரி 8

20 சிகரெட் என்பதைப் பார்த்துவிட்டு, “இங்கே யார் பெட்டியாக வாங்குகிறார்கள்?” என்று ஒருவர். உண்மைதான். சந்திக் கடையில் ஒன்றொன்றாக வாங்கி, தூணில் தொங்கும் கயிற்றுத் தணலில் குனிந்து பற்றவைத்துக்கொண்டு போவதுதான் நம் ஊர் முறை. 2015 முதல் பெட்டியில் 80 சதவீத இடத்தை நிரப்புகிற அந்தக் கோரப் படத்தை, ஒன்றொன்றாக வாங்குபவர் பார்ப்பதே இல்லை. கடைக்காரர்தான் பார்க்கிறார், பாவம்.

நானும் அந்தக் கயிற்றடியில் நின்றவன்தான், ஆசிரியனான முதல் வருடங்களில். பாடசாலைக்குள் புகைக்க முடியாது என்பதால் டச்சுக் குடாக் கடற்கரைப் பக்கம் போய்விட்டு வருவேன். மாணவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிரியாவிடை விழாவில் ஒருத்தி என் நடையைக்கூட நடித்துக் காட்டினாள்.

பெப்ரவரி 10

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அவருடைய உம்மா ஒரு நாளும் புகைத்ததில்லை, வாப்பாவும் புகைத்ததில்லை, இருந்தும் நுரையீரலில் கட்டி. மூலிகமும் இல்லை, பென்சோபைரீனும் இல்லை, அப்படியென்றால் நீங்கள் எழுதியதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்கிறார்.

தம்பி, உம்மாவின் குசினியைப் பார்க்க வேண்டும்.

என் மாமி சாம்பல்தீவில் வாழ்ந்தவர். அவருடைய அடுப்படி எனக்கு நன்றாகத் தெரியும். மண் அடுப்பு, தாழ்ந்த ஓலைக் கூரை, ஒரே ஒரு சின்ன யன்னல், அதையும் காகம் வருகிறதென்று சாத்தி வைப்பார். மாரியில் விறகு நனைந்திருக்கும். பன்னாடையைச் செருகி, மேலே பொச்சு மட்டையை அடுக்கி, ஊதுகுழலை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதுவார். புகை கிளம்பும், சுவாலை வராது. மறுபடி ஊதுவதற்கு மூச்சை இழுக்க வேண்டுமல்லவா, அந்த மூச்சு முழுவதும் புகைதான். தலைக்கு மேலே வளையில் ஒட்டறை கறுப்பு நூல் நூலாகத் தொங்கும். மாமி சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் அரைகுறையாக எரியும் விறகிலும் பென்சோபைரீன் உண்டு, நுண்துகள் உண்டு, மூலிகம் உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வீட்டுக்குள் நிலக்கரி எரிக்கும் புகையை ‘நிச்சயம் புற்றுநோய் தருவது’ என்ற முதலாம் தொகுதியில் வைத்திருக்கிறது. விறகுப் புகை ஒரு படி கீழே, ‘அனேகமாகத் தரக்கூடியது’ என்ற 2ஏ தொகுதியில். டீசல் புகை 2012இலும், வெளிக் காற்று மாசு 2013இலும் முதலாம் தொகுதிக்கு வந்தன. சீனாவின் சுவான்வேய் என்ற இடத்தில் பெண்கள் புகைப்பதே அரிது, ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் மிக அதிகம். அங்கே வீட்டுக்குள் குழியடுப்பில் புகை மிகுந்த நிலக்கரி எரித்தார்கள். புகைக்கூடு வைத்த வீடுகளில் பின்னாளில் அந்நோய் பாதிக்குக் கிட்டக் குறைந்தது. மருந்து ஒன்றுமில்லை, ஒரு புகைக்கூடுதான்.

உம்மாவுக்குக் காரணம் அடுப்புத்தான் என்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய கட்டிக்கு இதுதான் காரணம் என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. புகைக்காதவர்களின் கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற பரம்பரை அலகின் விகாரம் அடிக்கடி இருக்கும், அதற்கென்றே குளிசை வடிவில் மருந்து இருக்கிறது. அந்தப் பரிசோதனை செய்தாயிற்றா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இப்போதைக்குக் காரணத்தைத் தேடுவதைவிட அது பயனுள்ள கேள்வி.

பெப்ரவரி 11

கிண்ணியாத் தம்பிக்கு எழுதியதில் ஒரு நூலைப் பிடித்து விட்டுவிட்டேன். 2023இல் வந்த ஓர் ஆய்வு எனக்கே தூக்கத்தைக் கெடுத்தது. நுரையீரலில் கட்டியில்லாத இடத்துத் துண்டுகளை எடுத்துப் பார்த்தார்கள். 18 சதவீத மாதிரிகளில் ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரம், 53 சதவீதத்தில் கே-ராஸ் என்ற இன்னொரு பரம்பரை அலகின் விகாரம். அந்தத் துண்டில் கட்டியில்லை, விகாரம் மட்டும் இருக்கிறது. வயதாகும்போது தானாகச் சேர்வது. அந்தக் கலங்கள் சும்மா கிடக்கின்றன. நுண்துகள் நுரையீரலுக்குள் போனவுடன் காவற்கலங்கள் அழற்சியைக் கிளப்பும் இன்டர்லியூகின் என்ற பொருளைச் சுரக்க, சும்மா கிடந்தது விழித்துப் பெருகத் தொடங்குகிறது. நுண்துகள் அங்கே புது விகாரம் எதையும் பெரிதாக உண்டாக்கவில்லை.

டி.என்.ஏ. சேதம் என்று இத்தனை நாள் எழுதிவிட்டு, சேதமே செய்யாமலும் புகை புற்றுநோயை வளர்க்கும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. என்ன செய்வது, நுரையீரல் பாடத்திட்டம் பார்த்து நடப்பதில்லை.

2022இல் எரிவாயு இல்லாமல் போனபோது நகரத்துக்குள்ளேயே எத்தனை வீடுகளில் மறுபடி விறகு அடுப்பு வந்தது! என் வீட்டிலும் வந்தது. முற்றத்தில் வைத்தோம். மழை நாளில் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று மனைவி சொல்ல, வேண்டாம், பாண் வாங்கிச் சாப்பிடலாம் என்று நான் சொல்ல, அதில் வந்த புகை தனி.

பெப்ரவரி 11, பின்னேரம்

நுளம்புச் சுருளைப் பற்றி மூன்று பேர். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளியிடும் நுண்துகளின் நிறை 75 முதல் 137 சிகரெட்டினுடையதற்கு ஈடு என்று 2003இல் அளந்திருக்கிறார்கள். நிறைதான் ஈடு, 137 சிகரெட் புகைத்ததற்குச் சமம் என்று பொருளல்ல. சிகரெட்டை நேரே இழுக்கிறோம், சுருள் அறைக்குள் பரவுகிறது. இருந்தாலும் யன்னலை இறுக மூடிவிட்டுக் கட்டிலடியில் வைத்துத் தூங்குவதை விடுங்கள். டெங்கு உள்ள ஊர், நுளம்புக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. வலை கட்டுங்கள்.

பெப்ரவரி 14

வாசகியின் தம்பியே வந்துவிட்டார். கொஞ்சம் கோபமாக. கரோட்டின் ஒரு தவறான தெரிவு, அதை வைத்து எல்லா ஒட்சியேற்ற எதிரிகளையும் குறை சொல்லலாமா என்கிறார். கேட்பது நியாயம். ஆகவே இன்று நீளமாக.

சுவீடனில் கோத்தன்பர்க்கில் 2014இல் ஒரு சோதனை. நுரையீரலில் கட்டியின் ஆரம்பம் ஏற்கெனவே இருக்கும்படி செய்த எலிகளுக்கு விற்றமின் ஈ ஒரு பகுதிக்கு, அசற்றைல் சிஸ்ரெயின் என்ற இன்னொரு ஒட்சியேற்ற எதிரி மற்றப் பகுதிக்கு. இரண்டும் வேதியியலில் வேறு வேறு. இரண்டும் சொன்ன வேலையைச் சரியாகச் செய்தன: மூலிகங்கள் குறைந்தன, டி.என்.ஏ. சேதமும் குறைந்தது. ஆனால் கட்டி வேகமாக வளர்ந்தது, எலிகள் சீக்கிரம் இறந்தன.

எப்படி? கட்டிக் கலம் வெறித்தனமாகப் பெருகுவதால் அதற்குள்ளேயே மூலிகங்கள் பெருகுகின்றன, அதன் டி.என்.ஏ. சிதைகிறது. சிதைவு எல்லை மீறினால் பி53 விழித்துக்கொண்டு அந்தக் கலத்தை நிறுத்தும் அல்லது சாகச் சொல்லும். ஒட்சியேற்ற எதிரி அந்தச் சிதைவைக் குறைத்தால் பி53க்குத் தகவலே போகாது. நெல்லுக்கு இறைக்கும் நீர் புல்லுக்கும் பாய்கிறது, இங்கே புல் நெல்லைவிடத் தாகமாக இருக்கிறது. எலிகளில் பி53ஐ நீக்கிவிட்டுச் செய்தபோது ஒட்சியேற்ற எதிரியால் வித்தியாசம் இல்லாமல் போனதும் இதைத்தான் காட்டுகிறது.

கட்டிகளுக்கே இந்தத் தந்திரம் தெரியும். என்.ஆர்.எஃப்.2 என்ற புரதம்தான் கலத்தின் சொந்த ஒட்சியேற்ற எதிரி நொதியங்களை இயக்குவது. அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது கீப்1. நுரையீரலின் செதிள்கலப் புற்றுநோய்களில் மூன்றில் ஒரு பங்குக்கு இந்தப் பாதை உடைந்து, ஒட்சியேற்ற எதிரி நொதியங்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. தம்பி பார்மசியில் காசு கொடுத்து வாங்கியதைக் கட்டி இலவசமாகத் தயாரித்துக்கொள்கிறது.

கதிர்ச் சிகிச்சையையும் நினைத்துப் பாருங்கள். எக்ஸ் கதிர் டி.என்.ஏ.யை நேரே உடைப்பது குறைவு. பெரும்பங்கு வேலையைச் செய்வது, கலத்துக்குள் இருக்கும் நீரை உடைத்து வருகிற அதே ஐதரொட்சில் மூலிகம். மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு பஸ்ஸில் போய்க் கதிர் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து மூலிகத்தை அணைக்கும் குளிசை விழுங்குவது என்ன கணக்கு? கதிர்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் எந்தக் குளிசையானாலும் வைத்தியரிடம் சொல்லாமல் எடுக்காதீர்கள், ‘இயற்கையானது’ என்று லேபிளில் எழுதியிருந்தாலும்.

பெப்ரவரி 15

தம்பியின் மறுமொழி: “எலி மனிதனல்ல.” ஒப்புக்கொள்கிறேன், அதுவும் முழுமனதோடு. இன்னும் ஒன்றும் அவர் பக்கம் சேர்த்துக் கொடுக்கிறேன். அமெரிக்காவில் 22,071 ஆண் வைத்தியர்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பீற்றா கரோட்டின் 12 வருடம் கொடுத்துப் பார்த்தபோது கெடுதல் தெரியவில்லை. அவர்களில் அப்போது புகைத்துக்கொண்டிருந்தவர் பத்தில் ஒருவர் அளவே. நன்மையும் தெரியவில்லை. ஆகவே உலகிலுள்ள எல்லோருக்கும் இது நஞ்சு என்று நான் சொல்லவில்லை. நீண்ட காலம் புகைத்த ஒருவருக்கு, நுரையீரலைக் காக்கவென்று, இந்தக் குளிசை. அதற்குத்தான் வேண்டாம் என்கிறேன். மனிதரில் செய்த இரண்டு சோதனைகள் அதற்குப் போதும், எலி இல்லாமலே.

அசற்றைல் சிஸ்ரெயின் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து, சளி இளக்கவென்று வைத்தியர் எழுதித் தந்ததை நிறுத்திவிடாதீர்கள். பரசிற்றமோல் அளவு மீறி விழுங்கியவரின் உயிர் காப்பதும் அதுதான். வைத்தியர் ஒரு காரணத்துக்காகச் சில நாளுக்குத் தருவது வேறு, நாமாக வருடக் கணக்கில் விழுங்குவது வேறு.

பெப்ரவரி 19

வாசகி எழுதியதை இங்கே சுருக்கித் தருகிறேன். அப்பா இந்தப் பதிவுகள் முழுவதையும் வாசித்தாராம். வாசித்துவிட்டு, “கலத்துக்குக் கலம் விகாரம் விழுந்துவிட்டதென்றால் இனி விட்டு என்ன, விடாமல் என்ன?” என்று கேட்டாராம். கடைக்குப் போய்விடுவாரோ என்று பிள்ளை பயப்படுகிறார்.

ஐயா, இது உங்களுக்கு. நாங்கள் இருவரும் ஏறத்தாழ ஒரே வயதுக்காரர், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிரித்தானிய வைத்தியர்களை 1951 முதல் அரை நூற்றாண்டு தொடர்ந்து பார்த்தார் ரிச்சர்ட் டோல். 2004இல் வந்த கணக்கு: 30 வயதில் விட்டவர் ஏறத்தாழ 10 வருடம் கூட வாழ்கிறார், 40இல் விட்டவர் 9, 50இல் 6, 60இல் 3. நீங்கள் கடைசி வரியில் நிற்கிறீர்கள். மூன்று வருடம் சொற்பமா? பேரப்பிள்ளைக்கு ஏடு தொடக்குகிற காலம் அது.

இன்னொன்றும் இருக்கிறது, நான் முதலில் வாசித்தபோது நம்ப மறுத்தது. 2020இல் 16 பேருடைய சுவாசக் குழாயிலிருந்து கலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்து விகாரங்களை எண்ணினார்கள். புகைப்பவர்களின் கலங்களில் ஆயிரக்கணக்கான கூடுதல் விகாரம், அது எதிர்பார்த்ததே. புகைத்து விட்டவர்களிடம் இரண்டு கூட்டமாகக் கலங்கள் இருந்தன. ஒரு கூட்டத்தில் பழைய சேதம் அப்படியே. மற்றக் கூட்டம் ஒரு நாளும் புகைக்காதவருடையதைப் போல. இந்த நல்ல கூட்டம், இன்னும் புகைப்பவர்களிடம் இருப்பதைவிட விட்டவர்களிடம் நான்கு மடங்கு அதிகம். சேதமானது திருந்தவில்லை, எங்கேயோ தப்பிப் பிழைத்த நல்ல கலங்கள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன போலும். புகை நின்றால்தான் அவை வருகின்றன.

கடைக்குப் போக வேண்டாம். சுருட்டுக்கு மாறுவதும் வேண்டாம், அதைக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை என்று என் சித்தப்பாவும் துறைமுகத்தில் வேலை செய்த காலம் முழுக்கச் சொன்னார். நுரையீரல் தப்பியது, வாய் தப்பவில்லை. இந்நாட்டு ஆண்களில் முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்குத்தான்.

பெப்ரவரி 20

இரண்டு சிறு கேள்விகள். அப்பாவுக்குக் காலையில் இருமல் இருக்கிறதாம், புகையை விட்ட பிறகு கொஞ்சம் கூடியும் இருக்கிறதாம். விட்ட முதல் வாரங்களில் அப்படி வருவதுண்டு. ஆனால் விட்டது பொங்கலுக்கு, இப்போது மாசி. இரண்டு கிழமையைத் தாண்டிய இருமலைப் புகையின் கணக்கில் எழுதிவிடாமல் மார்புச் சிகிச்சை நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. காசநோயா என்றும் பார்ப்பார்கள், பார்க்கத்தான் வேண்டும். சளியில் இரத்தம், நிறை குறைதல், குரல் கம்முதல் இருந்தால் நாளைக்கே.

மற்றது நல்ல கேள்வி. அப்பாவுக்குக் கண்ணின் விழித்திரைக்கென்று ஒரு விற்றமின் குளிசையும் எழுதித் தந்திருக்கிறார்களாம், அதையும் நிறுத்துவதா என்று. நிறுத்த வேண்டாம், பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பழைய கலவையில் பீற்றா கரோட்டின் இருந்தது. 2013இல் வந்த பெரிய கண் சோதனையில் அந்தக் கலவை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியது. பாதிக்கப்பட்டவர்களில் அனேகர் முன்பு புகைத்தவர்கள். அதன் பிறகு பீற்றா கரோட்டினுக்குப் பதில் லூற்றீனும் சியாசாந்தீனும் சேர்க்கிறார்கள். இந்த இரண்டு பெயரும் இருந்து பீற்றா கரோட்டின் இல்லையென்றால் தொடரலாம். இருந்தால், அப்பா புகைத்தவர் என்பதைக் கண் வைத்தியரிடம் சொல்லி மாற்றித் தரச் சொல்லுங்கள். கண் வைத்தியர்கள் அதைக் கேட்க மறப்பதுண்டு, நாமாகத்தான் சொல்ல வேண்டும்.